ஆறில் எது தம்பியின் பீன்ஸ்?

எங்கள் அலுவலகத்தில் யாராவது "மேடம், ஒரு சின்ன விஷயம்" என்று ஆரம்பித்தால் எனக்கு உடனே தலை வலிக்கும். சின்ன விஷயம் என்று சொல்லிக்கொண்டு இதுவரை யாரும் சின்ன விஷயத்தோடு வந்ததில்லை. கூரை ஒழுகியதும் சின்ன விஷயம்தான், முளைப்பறை ஏசியில் புகை வந்ததும் சின்ன விஷயம்தான். அன்று காலை லென்ஸ் என் அறை வாசலில் வந்து நின்று அதே வார்த்தையைச் சொன்னதும், குடித்துக்கொண்டிருந்த டீயை ஓரமாக வைத்துவிட்டேன்.

லென்ஸ் யார் என்று சொல்லிவிடுகிறேன். இந்த விதைப் பரிசோதனை நிலையத்துக்கு நான் தலைமை, அவள் ஆய்வாளர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பூதக்கண்ணாடி சதா தொங்கிக்கொண்டிருக்கும். அதைக் கழற்ற மறந்து அப்படியே பஸ் ஏறிப் போய்விடுவாள், மறுநாள் அதோடேயே வருவாள். அவளைப் போல எண்ணுவதற்கு எனக்குத் தெரிந்து ஆள் கிடையாது. அதைவிட அவளைப் போலப் பயப்படுவதற்கும் ஆள் கிடையாது.

எங்கள் வேலை ஒன்றும் பிரம்மவித்தை இல்லை. விதை விற்கிறவர்கள் ஒரு தடவையில் அறுத்துச் சுத்தம் செய்து வைத்த மொத்தத்தையும் ஒரு குவியல் என்போம். ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒரு பை விதை மாதிரியாக எங்களுக்கு வரும். அதில் நானூறு விதையை ஈரத்தாளில் வரிசையாக அடுக்கி, பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, விதை முளைப்பதற்கென்றே இருக்கும் முளைப்பறையில் நிற்க வைப்போம். ஒரு வாரத்துக்கு மேல் கழித்துப் பிரித்து எண்ணுவோம். ஒழுங்காக வளர்ந்தது ஒரு பக்கம், கோணல்மாணல் ஒரு பக்கம், செத்தது ஒரு பக்கம். பீன்ஸ் என்றால் நூற்றுக்கு எழுபத்தைந்தாவது ஒழுங்காக இருக்க வேண்டும். இருந்தால் மூட்டையில் கட்ட அரசாங்கச் சான்று அட்டை கிடைக்கும். இல்லையென்றால் அதை விதை என்று வாயால்கூடச் சொல்ல முடியாது, சந்தையில் காய்ந்த பீன்ஸ் விலைக்குக் கொட்டிவிட்டு வர வேண்டியதுதான்.

லென்ஸின் சின்ன விஷயம் அவள் தம்பி. அம்மா போன பிறகு அவள்தான் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தவள், ஆகவே தம்பி என்பதைவிட மூத்த பிள்ளை என்று சொல்லலாம். ஒரு பெரிய விதைக் கம்பெனியின் கிடங்கில் வருஷக்கணக்காக மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவன், போன வருஷம் திடீரென்று ரோஷம் வந்து வேலையை விட்டுவிட்டான். தானே விதை விளைவித்துத் தன் பெயரில் விற்கப் போவதாகச் சொன்னான். கிடங்கு மேனேஜர் கிளம்பும்போது சிரித்துக்கொண்டே, "ஒரே ஒரு பருவம். அப்புறம் இங்கதான் வந்து நிப்ப. மூட்டை அப்படியே இருக்கும், நீயே அடுக்கலாம்" என்றாராம். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, பீன்ஸ் போட்டு, வயலாய்வில் தேறி, இப்போது முதல் குவியல் எங்களிடம் வரப் போகிறது. அது தேறினால் அவன் விதை உற்பத்தியாளன். தேறாவிட்டால் அந்த மேனேஜர் முகத்தில் போய் விழிக்க வேண்டும்.

"அவனோடது என் மேஜைக்கு வரக் கூடாது மேடம்" என்றாள்.

நியாயமான பேச்சு. விதியும் அதையே சொல்கிறது, சொந்தக்காரர் விதையை ஆய்வாளர் தொடக் கூடாது. சரி என்று விதிப் புத்தகத்தை மூடப் போனேன், அடுத்த பக்கம் கண்ணில் பட்டது. மாதிரிப் பை யாருடையது என்று ஆய்வாளருக்கும் தெரியக் கூடாது, நிலையத் தலைமைக்கும் தெரியக் கூடாது. அதனால்தான் எங்களுக்கு வரும் பையில் பெயர் இருக்காது, ஒரு ரகசிய எண் மட்டும் இருக்கும். இப்போது பாருங்கள் கூத்தை. அவள் தம்பியின் பையை அவளிடம் கொடுக்காமல் இருக்க வேண்டுமென்றால், எது அவள் தம்பியுடையது என்று எனக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் நான் குற்றவாளி. தெரியாமல் கொடுத்தால் அவள் குற்றவாளி. இந்த இரண்டு விதியையும் எழுதிய புண்ணியவான் ஒரே ஆளாகத்தான் இருப்பார். ஒன்றைச் சாப்பாட்டுக்கு முன்னால் எழுதியிருப்பார், இன்னொன்றைச் சாப்பிட்ட தூக்கத்தில் எழுதியிருப்பார்.

ரகசிய எண் போடுகிறவர் கீழ்த்தளத்தில் கம்பி ஜன்னல் வைத்த அறையில் இருக்கிறார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கல்லுளிமங்கன். வாயைப் பிடுங்கினாலும் வார்த்தை வராது, மத்தியானம் என்ன சாப்பிட்டார் என்று அவர் மனைவியைக் கேட்டால்தான் தெரியும். நான் இறங்கிப் போய், அந்த ஒரு பையை மட்டும் வேறு ஊர் நிலையத்துக்கு அனுப்பிவிடலாமே என்று நயமாகச் சொல்லிப் பார்த்தேன். கையிலிருந்த பைக்கு முத்திரை வைத்து முடித்தார். பிறகு, அனுப்பினால் அனுப்பியது யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்றார். அந்த மாதத்துக்கு அவர் பேசியது அவ்வளவுதான். தப்பென்றும் சொல்ல முடியவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

மேலிடத்துக்கு எழுதினேன். "விதிகளின்படி நடவடிக்கை எடுக்கவும்" என்று பதில் வந்தது. எந்த விதியின்படி என்று கேட்டுத் திருப்பி எழுதலாமா என்று யோசித்தேன், ஓய்வு பெறும் வயது அதற்குள் வந்துவிடும் என்று விட்டுவிட்டேன். இன்னொரு ஆய்வாளர் பிரசவ விடுப்பில் இருந்தாள். நானே எண்ணலாம் என்றால் அதுவும் ஆகாது. முதலில் ஆய்வாளர் எண்ண வேண்டும், அதில் சந்தேகம் வந்தால்தான் தலைமை தொடலாம். அதனால் லென்ஸைக் கூப்பிட்டு, யாருடையது என்று உனக்குத் தெரியப் போவதில்லை, அப்புறம் என்ன பயம், எப்போதும் போல எண்ணு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அந்தத் தலையாட்டலை நான் அன்றே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வீட்டில் அவள் செய்தது அதற்கு மேல். தம்பி ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவள் வீட்டுக்குத்தான் வருவான். பீன்ஸ் என்று அவன் வாயைத் திறந்தாலே இவள் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாளாம். எத்தனை மூட்டை, எப்போது அறுத்தான், என்ன நிறம், எதுவும் தன் காதில் விழக் கூடாது. தெரிந்துவிட்டால் பையைப் பார்த்ததும் அடையாளம் கண்டுவிடுவேனோ என்று பயம். மழையைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் பீன்ஸில்தான் போய் முடிகிறது என்று டீ குடிக்கும்போது என்னிடம் புலம்பினாள். வேறு பேச்சு இல்லாமல் அக்காவும் தம்பியும் அவள் வீட்டுக்காரரின் தொப்பையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்களாம். அதில் அவருக்கு ரொம்ப வருத்தம்.

அந்தப் பருவம் பரிசோதனைக்கு ஆறு பை பீன்ஸ் வந்தது. ஆறும் ஒரே மாதிரி பழுப்பு நிறப் பை, ஒரே மாதிரி முத்திரை. லென்ஸ் அவற்றை மேஜையில் வரிசையாக வைத்துவிட்டு, ஏதோ வெடிக்கப் போகிறது என்பது போலத் தள்ளி நின்று பார்த்தாள். விதைகளைத் தாளில் அடுக்கினாள், சுருட்டினாள், முளைப்பறைக்குக் கொண்டுபோனாள். அதற்குப் பிறகு எண்ணும் நாள் வரை அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவாள்.

எண்ணும் நாளில் நான் மேலிடத்துக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன். மறுநாள் காலை வந்து பார்த்தால் என் மேஜையில் ஆறு முடிவும் கையெழுத்துக்குக் காத்திருந்தது. ஐந்து ஃபெயில், ஒன்று மட்டும் பாஸ். எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. நல்ல மழை, நல்ல வெயில், பூச்சி இல்லாத வருஷம், பக்கத்து ஜில்லா முழுக்க பீன்ஸ் நன்றாக வந்திருக்கிறது, எங்கள் நிலையத்தில் மட்டும் ஆறில் ஐந்து எப்படி விழும்? பேனாவை மூடி வைத்துவிட்டு நேராக எண்ணும் அறைக்குப் போனேன். பிரித்த சுருள்களை முடிவு வெளியே போய்க் கொஞ்ச நாள் ஆகும்வரை குளிர்ப் பெட்டியில் வைத்திருப்போம், குப்பையில் போட மாட்டோம். அதில் ஒன்றை எடுத்துவந்து விளக்கடியில் விரித்தேன்.

பீன்ஸ் முளைக்கும்போது விதை இரண்டாகப் பிளந்து இரண்டு தடித்த இலை போல மேலே வரும். வித்திலை என்போம். உண்மையான இலை அந்த இரண்டுக்கும் நடுவிலிருந்துதான் கிளம்பும். வித்திலையில் புள்ளியோ காயமோ இருந்தால், பாதிக்கு மேல் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் நாற்று பாஸ். இதை வருஷா வருஷம் புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பவளே லென்ஸ்தான். அப்படிப்பட்டவள், குண்டூசி முனை அளவு புள்ளி இருந்த நாற்றையெல்லாம் கோணல்மாணல் பக்கம் தள்ளியிருந்தாள். நல்ல வேர், நல்ல தண்டு, கொழுகொழுவென்று இலை, ஒரு ஓரத்தில் ஒரு பொட்டு. அதற்குப் போய் ஃபெயில். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்கிறாள் என்று தெரிந்தது, ஆனால் எதற்கு என்றுதான் தெரியவில்லை.

கூப்பிட்டேன். வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இது என்ன என்று ஒரு நாற்றைத் தூக்கிக் காட்டிக் கேட்டேன். விதி மறந்துபோச்சா என்று கேட்டேன், இல்லை என்று தலையை ஆட்டினாள். அப்புறம் ஏன் என்று கத்தியேவிட்டேன். நான் கத்தினால் கீழ்த்தளம் வரை கேட்கும்.

"எது அவனோடதுன்னு தெரியல மேடம். அதனால எல்லாத்தையும் அவனோடதுன்னு நெனச்சுப் பாத்தேன்."

என் கோபம் பாதியில் அப்படியே நின்றுவிட்டது. சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தம்பிக்குச் சலுகை காட்டிவிட்டாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். அதற்காக யாருக்குமே சலுகை இல்லை, யாருக்குமே நியாயமும் இல்லை. ஒரு தம்பிக்குப் பயந்து ஐந்து குடும்பத்தின் ஒரு வருஷ உழைப்பைச் சந்தையில் கொட்ட வைக்கப் பார்த்தாயே, அவர்களுக்கெல்லாம் அக்கா இல்லையா, தங்கச்சி இல்லையா என்று கேட்டேன். அழ ஆரம்பித்தாள். அழுதால் கணக்குத் தாள் நனைந்துவிடும், அந்தப் பக்கம் போய் அழு என்று சொன்னேன். எனக்கு ஆறுதல் சொல்ல வராது, என் வீட்டுக்காரர் இதை வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சந்தேகம் என்று எழுதி வைத்துவிட்டு நானே எண்ண உட்கார்ந்தேன். அதற்கு இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும் என்பதால் அவளையும் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஒவ்வொரு சுருளாக விரித்து, ஒவ்வொரு நாற்றாக எடுத்து, பாதிக்கு மேல் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துப் பிரித்தோம். முதலாவது பாஸ். இரண்டாவது தாராளமாக பாஸ். ஐந்தும் தேறியது. லென்ஸ் முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. ஆறாவதை நான் எடுக்கப் போனபோது, அதுதான் ஏற்கெனவே பாஸ் ஆயிற்றே என்றாள். எண்ணினால் ஆறையும் எண்ண வேண்டும், ஐந்தை எண்ணி ஒன்றை விட்டால் அது என்ன கணக்கு என்று சொல்லிவிட்டு விரித்தேன்.

அழகென்றால் அப்படி ஒரு அழகு. ஒரு நாற்றிலும் ஒரு புள்ளி இல்லை. வித்திலை இரண்டும் பச்சைப்பசேலென்று தடித்து, துடைத்து வைத்த மாதிரி இருந்தது. இது எந்த மகராசன் விளைவித்ததோ என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டே, பழக்கதோஷத்தில் ஒன்றின் இரண்டு வித்திலையையும் நகத்தால் விலக்கிப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை. இலை கிளம்ப வேண்டிய குருத்தே இல்லை. அடுத்ததை விலக்கினேன், அதிலும் இல்லை. இதை நாங்கள் மொட்டை என்போம். விதையை அடித்துப் பிரிக்கும்போது உள்ளே குருத்து முறிந்துவிடும், வெளியே கீறல்கூடத் தெரியாது. முளைக்கும், பச்சையாக நிற்கும், ஆனால் ஒரு இலைகூட விடாது. விதைத்தவன் நாளைக்கு இலை வரும், நாளை மறுநாள் வரும் என்று தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பான்.

அந்தத் தாளை லென்ஸ் பக்கம் நகர்த்தினேன். விலக்கிப் பார்த்தாள். இன்னொன்றை விலக்கினாள். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு புள்ளி புள்ளி என்று தேடியவள், தலை இல்லாததைப் பார்க்காமல் விட்டிருக்கிறாள். முகத்தில் ஈயாடவில்லை. மிச்சம் முழுவதையும் அவளே எண்ணினாள், நான் சரிபார்த்தேன். நூற்றுக்கு அறுபத்தொன்றுதான் வந்தது. ஃபெயில். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். ஆறு முடிவும் உறையில் போட்டு ஒட்டி, கல்லுளிமங்கனிடம் போனது.

பெயர்களோடு நகல் திரும்பி வந்த அன்று நான் அதை முதலில் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்தேன். ஆறாவது, அந்த அழகான மொட்டை, லென்ஸின் தம்பியுடையது.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஃபெயில் ஆனதற்காக இல்லை. அவள் முதலில் போட்ட முடிவை நான் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திட்டு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆறு பேர் அனுப்பினார்கள், ஐந்து பேர் ஃபெயில், ஆய்வாளரின் தம்பி ஒருவன் மட்டும் பாஸ். இவள் காதைப் பொத்தினாள், சாப்பிடவில்லை, கண் சிவந்தாள் என்றெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது? ஊர் சிரித்திருக்கும், இவள் வேலை போயிருக்கும், என் தலையும் சேர்ந்து உருண்டிருக்கும். நகலை அவளிடம் கொடுத்தேன். படித்தாள். ஃபெயில் என்ற வார்த்தையின் மேல் விரலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவனுக்கு இதை எப்படிச் சொல்வேன் என்று மட்டும் கேட்டாள், என்னைப் பார்த்துக்கூட இல்லை.

சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. மறுநாள் மத்தியானம் தம்பியே வந்துவிட்டான். கட்டுமஸ்தான ஆள், மூட்டை தூக்கிய தோள், ஆனால் வாசலில் நின்ற விதத்தில் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரிதான் இருந்தான். எனக்கு வணக்கம் சொன்னான். பிறகு அக்கா பக்கம் திரும்பினான். சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் தேவலை.

"இங்க பீன்ஸ் எண்ணறது நீ ஒருத்திதான்னு எனக்குத் தெரியும். உன் பேரைக் காப்பாத்திக்கறதுக்கு என்னை ஃபெயில் போட்டுட்ட, இல்லக்கா?"

மறுபடி எண்ண உட்கார்ந்தது நான்தானடா என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. யார் எண்ணினார்கள் என்று விதைக்காரரிடம் சொல்லக் கூடாது என்று அதற்கும் ஒரு விதி இருக்கிறது, எனவே பல்லைக் கடித்துக்கொண்டேன். ஃபெயில் ஆனவர் கேட்டால் நாற்றைக் காட்டலாம் என்றும் ஒரு விதி இருக்கிறது, அந்தப் புத்தகத்தில் உருப்படியான விதி அது ஒன்றுதான். லென்ஸ் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். குளிர்ப் பெட்டியிலிருந்து சுருளை எடுத்துவந்து, தன் ஸ்டூலில் அவனை உட்கார வைத்து, விளக்கைப் போட்டாள். நீயே பிரி என்றாள்.

பிரித்தான். பச்சையாகத் தடித்து நின்றதையெல்லாம் நல்லது பக்கம் வைத்தான். வைக்க வைக்க முகம் இறுகியது. இவ்வளவு நல்ல நாற்றைப் போய் ஃபெயில் என்கிறார்களே என்று அவன் நினைப்பது எனக்குத் தெரிந்தது. லென்ஸ் வாதாடவில்லை. நல்லது பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்து, நகத்தால் இரண்டு வித்திலையையும் விலக்கி, அவன் கண்ணுக்கு நேரே பிடித்தாள். கொஞ்ச நேரம் பார்த்தான். அடுத்ததை அவனே எடுத்து விலக்கினான். அதற்கு அடுத்ததையும். நல்லது பக்கம் தேய்ந்துகொண்டே வந்தது, இந்தப் பக்கம் குவிந்துகொண்டே போனது. பாதியில் நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"இந்த விதையை எவனாவது எனக்கு வித்திருந்தா நான் அவனைச் சும்மா விட்டிருக்க மாட்டேன்" என்றான்.

எப்படி அடித்துப் பிரித்தாய் என்று லென்ஸ் மெதுவாகக் கேட்டாள். வாடகைக்கு ஒரு மெஷின் கொண்டுவந்தானாம். மெஷின்காரர் காலையில் சோளம் அடித்துவிட்டு அதே வேகத்தில் பீன்ஸையும் உள்ளே தள்ளியிருக்கிறார். நன்றாகக் காய்ந்த விதை, அந்த வேகம், குருத்து முறியாமல் என்ன செய்யும்? கிடங்கில் மூட்டை அடுக்கியவனுக்கு இது எப்படித் தெரியும்? பீன்ஸுக்கு வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது எங்கள் நிலையத்தில் டீ கொண்டுவருகிறவருக்குக்கூடத் தெரியும். ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று லென்ஸ் கேட்டாள்.

"அதைக் கேக்கத்தான் அன்னிக்கு ராத்திரி வந்தேன். நீ காதைப் பொத்திக்கிட்டியே."

அவன் குத்திக்காட்டிச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். அதனால்தான் அது அப்படி இறங்கியது. லென்ஸ் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, பார்க்க ஒன்றுமில்லாத தெருவைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் சொல்வது சரிதான், இந்த மாதிரி நேரத்தில் நான் எதற்கும் லாயக்கில்லை.

பிறகு அவள் பேசினாள்.

"இன்னொண்ணும் கேட்டுக்கோ. முதல்ல எண்ணினது நான்தான்டா. ஆறுல அஞ்சு பேரை அநியாயமா ஃபெயில் போட்டேன். உன்னோடது ஒண்ணை மட்டும் பாஸ் போட்டேன். மொட்டையா இருக்கறது என் கண்ணுக்குத் தெரியவே இல்ல. மேடம் பாத்திருக்கலேன்னா அந்த விதை இந்நேரம் கடைக்குப் போயிருக்கும், உன் பேரை எழுதிக்கிட்டு."

விதி, விதி என்று நான் மனசுக்குள் கத்தினேன். யார் கேட்டார்கள்? தம்பி என்னைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், மேஜையில் கிடந்த மொட்டைகளைப் பார்த்தான். அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"அப்ப நம்ம வீட்டுல ரெண்டு ஃபெயிலா?" என்றான்.

லென்ஸ் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள், அதோடு அவளும் சிரித்துவிட்டாள், சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினாள். எனக்கும் கண் கரித்தது. முளைப்பறைப் பக்கம் எப்போதும் ஈரக்காற்று என்று சொல்லிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தேன், யாரும் என்னைக் கேட்கவில்லை.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. விளைந்தது எல்லாவற்றையும் அடித்துவிட்டாயா என்று கேட்டேன். இல்லையாம். பாதியில் மெஷின் பெல்ட் அறுந்து, மெஷின்காரர் கோபித்துக்கொண்டு போய்விட்டாராம். மிச்சம் பாதி இன்னும் காயாகவே கொட்டகையில் கிடக்கிறது, அதை நினைக்கவே வெறுப்பாக இருந்ததால் அந்தப் பக்கம் போகவில்லை என்றான். அட மடையா என்று சொல்லிவிட்டேன், வாயில் வந்துவிட்டது. அதைக் கையால் தட்டிப் பிரித்துத் தனிக் குவியலாக அனுப்பினால் தனியாகப் பரிசோதிப்போம், அதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. அவன் எழுந்தே நின்றுவிட்டான். கையால் தட்டுவதென்றால் ஆள் வேண்டுமே என்றான், அதற்குள் லென்ஸ் விடுப்புத் தாளை என் முன்னால் வைத்துவிட்டாள். காரணம் என்ற இடத்தில், சொந்த வேலை என்று எழுதியிருந்தாள். பீன்ஸ் பரிசோதனை முடிகிற வரைக்கும் இந்தக் கட்டடத்துப் பக்கமே வரக் கூடாது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். விதிப்படியும் அதுதான் சரி, ஆச்சரியம்தான்.

அந்தக் கைத்தட்டுக் குவியல் பிறகு பாஸ் ஆயிற்று. எண்ணியவள் பிரசவ விடுப்பு முடிந்து வந்த பெண், அவள் ரொம்பத் தாராளமும் இல்லை, ரொம்பக் கஞ்சமும் இல்லை. பாதி விளைச்சல்தான், ஆனால் மூட்டைக்கு மூட்டை சான்று அட்டை தொங்கியது. கிடங்கு மேனேஜர் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார், காத்துக்கொண்டிருக்கட்டும்.

நான் சொல்ல வந்தது அது இல்லை. அன்று மத்தியானம் இரண்டு பேரும் கிளம்பிப் போன பிறகு, நான் ஜன்னலைச் சாத்தப் போனேன். எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். தம்பி பேசிக்கொண்டிருந்தான். நிறுத்தாமல் பேசினான். கையை முழங்கால் உயரத்தில் காட்டினான், பிறகு இடுப்பு உயரத்தில் காட்டினான், செடி எப்படி வளர்ந்தது என்று சொல்கிறான் போல. பூ விட்டதைச் சொன்னானோ, வயலாய்வுக்கு வந்தவர் மெச்சியதைச் சொன்னானோ, ஒரு பருவம் முழுக்க அவளிடம் சொல்ல முடியாமல் அடக்கி வைத்திருந்த அத்தனையும் வந்துகொண்டிருந்தது. லென்ஸ் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, அப்புறம், அப்புறம் என்று கேட்பது இங்கிருந்தே தெரிந்தது. அவர்கள் பஸ் வந்தது, நின்றது, போயிற்று. இருவரும் கவனிக்கவில்லை. அடுத்த பஸ்ஸையும் விட்டார்கள்.